ஆலோசனைக் கட்டத்தில் நான் நிரப்பியது

ஜனாதிபதி மீதான பதவி நீக்கத் தீர்மானத்தை விசாரிக்கும் நாடாளுமன்றக் குழுவின் பதிவு அலுவலர் முன்பாக, சாட்சி எண் பதினான்கு அளிக்கும் இரண்டாம் வாக்குமூலம்.

பெயர்: மூடிய உறையில் தனியே தரப்பட்டுள்ளது. அலுவலகத்தில் அழைக்கும் பெயர் இஸ்திரி அக்கா. வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: முதுநிலைச் சுருக்கெழுத்தாளர், ஜனாதிபதி செயலகம்; தற்போது பணி இடைநீக்கத்தில். முகவரி: அரசு ஊழியர் குடியிருப்பு, மூன்றாவது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்க வீடு. கணவருடன் வசிக்கிறேன்.

மேற்கண்ட நான் சொல்வதாவது:

நான் இருபத்து மூன்று வயதில் இந்தச் செயலகத்தில் சேர்ந்தேன். முப்பத்தொரு வருடத்தில் நான்கு ஜனாதிபதிகளுக்குச் சுருக்கெழுத்து எழுதியிருக்கிறேன். கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து, பேசுவதைப் பேசும் வேகத்திலேயே கோடும் புள்ளியுமாக நோட்டில் குறித்துக்கொண்டு, அதன் பிறகு என் அறைக்கு வந்து அதைப் பார்த்துத் தட்டச்சு செய்து, கூட்ட நடவடிக்கைக் குறிப்பாகக் கொடுப்பது என் வேலை. குறிப்பில் ஜனாதிபதி கையெழுத்திட்டுவிட்டால் அவர் பேசியது அதுதான். வேறு சாட்சி கிடையாது. பாதுகாப்புக் கருதி அந்த அறையில் ஒலிப்பதிவு செய்வதில்லை.

யார் பேசினாலும் பேசுகிறபடியே எழுத முடியாது. "வந்து", "அதாவது", "என்னன்னா" எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இருமலை எழுதக் கூடாது. பாதியில் விட்ட வாக்கியத்தை முடித்துவைக்க வேண்டும். இதை எங்களுக்குள் இஸ்திரி போடுவது என்று சொல்வோம். இதில் நான் கெட்டிக்காரி. முன்பு ஒரு மந்திரி "அந்தப் பயலைத் தூக்கி வெளியே போடுங்கய்யா" என்று கத்தியதை, "மேற்படி அலுவலரை இடமாற்றம் செய்வது பரிசீலிக்கப்படும்" என்று எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு அவரே என் அறைக்கு வந்து, "நான் இவ்வளவு நல்லவனாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து எனக்கு இந்தப் பெயர். புதிதாக வந்த ஓட்டுநர் ஒருவர் நிஜமாகவே நான் துணி தேய்க்கிறவள் என்று நினைத்து இரண்டு சட்டையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். தேய்த்துக் கொடுத்தேன்.

இப்போதுள்ள ஜனாதிபதி பதவிக்கு வந்து ஏழு வருடம் ஆகிறது. நாங்கள் அவரை ஐயா என்போம். முதல் நான்கு வருடம் அவருக்கு இஸ்திரியே தேவைப்படவில்லை. அளந்து பேசுவார். கூட்டம் முடிந்து போகும்போது என் மேசை அருகே நின்று, "இன்னிக்கு ரொம்ப வேகமாப் பேசிட்டேனாம்மா, கை வலிக்குதா?" என்று கேட்பார். அப்படிக் கேட்டவர் எனக்கு வேறு யாரும் இல்லை. இதை நான் சொல்வது அவருக்குச் சாதகமாகவோ எனக்குச் சாதகமாகவோ அல்ல, கேட்டார் என்பதற்காக.

ஐந்தாவது வருடத்தில் ஒரு கூட்டத்தில் "வெளியே மழையா?" என்று மூன்று முறை கேட்டார். நான் இரண்டை எடுத்துவிட்டு ஒன்றை எழுதினேன். அதன் பிறகு கல்வி மந்திரியை, இறந்துபோன பழைய மந்திரியின் பெயரால் கூப்பிட்டார். சரியான பெயரை எழுதினேன். அதன் பிறகு ஓர் அறிக்கையின் ஒரே பக்கத்தை இரண்டு தரம் வாசித்தார், யாரும் வாய் திறக்கவில்லை, நான் அடுத்த பக்கத்தையும் வாசித்ததாகச் சேர்த்தேன். அதன் பிறகு ஒரு வெளிநாட்டுத் தூதர் வந்து அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார். ஐயா சொன்னது "நல்லது, நல்லது" என்பது மட்டுமே. எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு நல்லது. அதிலிருந்து இரண்டு பக்கம் எழுதினேன். அந்த இரண்டு பக்கத்தைப் பத்திரிகைகள் தலையங்கம் எழுதிப் பாராட்டின. நான் அதை வெட்டி வைத்திருந்தேன்.

ஐயாவின் மனைவியின் தம்பிதான் அவருடைய தனிச்செயலாளர். அலுவலகம் முழுக்க அவரை மச்சான் சார் என்று சொல்லும். அவர் முகத்துக்கு நேராக மட்டும் சார். ஐயா பேச்சில் தடுமாறத் தொடங்கிய பிறகு இவர் ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் என் அறை வாசலில் வந்து நிற்பார். முதலில், "அக்கா, கொஞ்சம் நல்லா வரட்டும்" என்பார். பிறகு, "சொன்னத எழுதாதீங்க, சொல்ல வந்தத எழுதுங்க" என்பார். கடைசி ஒரு வருடம், "முடிவ இப்படிப் போட்டுடுங்க" என்று அவரே சொல்லிவிட்டுப் போவார். நாட்டை யார் ஆள்கிறார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கண்டும் காணாமல் இருந்தேன். அவர் மிரட்டினாரா என்று அலுவலர் கேட்டார். இல்லை. "உங்கள மாதிரி ஒருத்தர் இல்லன்னா இந்த ஆபீசே நாறிப்போயிருக்கும்" என்று புகழ்ந்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, அணை நிலவரம் பற்றிக் கூட்டம் நடந்தது. அறையில் ஐயா, மச்சான் சார், அணைப் பொறியாளர், நான் ஆக நான்கு பேர். பொறியாளர் நேராக அணையிலிருந்து வந்திருந்தார். கால்சட்டை முழங்கால் வரை சேறு. விரிப்பில் படக் கூடாது என்று செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நின்றார். நீர்மட்டம் எல்லையைத் தாண்டப் போகிறது, சாயங்காலம் மதகைத் திறக்காமல் இருக்க முடியாது, திறந்தால் ஆற்றோரக் குடியிருப்பில் முந்நூறு வீட்டுக்குள் தண்ணீர் புகும், அதற்கு முன் ஆட்களை வெளியேற்ற ராணுவ வண்டிகள் வேண்டும், அதற்கு ஜனாதிபதியின் உத்தரவு வேண்டும் என்று சொன்னார். "ஐயா, சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும்" என்ற வாக்கியத்தை மூன்று முறை சொன்னார். மூன்றும் என் நோட்டில் இருக்கிறது.

ஐயா சன்னலைப் பார்த்தபடி, தன் தம்பி சிறு வயதில் சைக்கிள் பழகிய கதையைச் சொல்லத் தொடங்கினார். பதினொரு நிமிடம் சொன்னார். பொறியாளர் நடுவில் இரண்டு தரம் "ஐயா" என்றார். கதை முடிவதற்குள் மச்சான் சார் எழுந்து, "சரி, ஐயா யோசிச்சுச் சொல்வாங்க, நீங்க கெளம்புங்க" என்று பொறியாளரின் தோளைத் தொட்டு வெளியே கூட்டிப் போனார். பொறியாளர் வாசலில் செருப்பை மாட்டும்போது என்னைப் பார்த்து, "மேடம், நான் சொன்னத எழுதிக்கிட்டீங்கல்ல?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

அதன் பிறகு மச்சான் சார் என் வாசலுக்கு வந்து, "நாளைக் காலை வரை காத்திருக்கலாம்னு போட்டுடுங்க. இப்பவே ஊரக் கிளப்பினா பீதியாயிடும்" என்றார். போய்விட்டார். அவர் சொன்னது அவ்வளவுதான். இதை அலுவலர் கவனமாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதற்கு அடுத்ததை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

குறிப்புக்குக் கணினியில் ஒரு படிவம் உண்டு. நான்கு கட்டம்: கேட்கப்பட்டது, ஆலோசனை, முடிவு, செயல்படுத்துபவர். முடிவுக் கட்டத்தில் மச்சான் சார் சொன்னதைப் போட்டேன். ஆலோசனைக் கட்டத்துக்கு வந்தேன். பொறியாளர் சொன்ன ஆலோசனை சாயங்காலத்துக்குள் காலி செய்ய வேண்டும் என்பது. முடிவோ நாளைக் காலை வரை காத்திருப்பது. இரண்டும் ஒட்டவில்லை. ஒட்டாத குறிப்பு என் கையிலிருந்து போனதே கிடையாது. கட்டத்தைக் காலியாக விடலாம் என்றால், விட்டால் படிவம் அடுத்த பக்கம் போகாது, சிவப்புக் கோடு போட்டு நின்றுவிடும். நான் முடிவுக்கு ஏற்றபடி ஆலோசனையை மாற்றினேன். "உடனடி ஆபத்து இல்லை என அணைப் பொறியாளர் உறுதியளித்தார்" என்று எழுதினேன். ஐயா பொறியாளரிடம் நான்கு தெளிவான கேள்விகள் கேட்டதாகவும் எழுதினேன். அந்தக் கேள்விகள் நன்றாக இருந்தன. இந்த வேலைக்கு எனக்கு இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகு சாப்பிடப் போனேன்.

அன்று மாலை ஆறே முக்காலுக்கு மதகைத் திறந்தார்கள். பொறியாளர் அதற்கு முன்பே தன் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ஆற்றோரக் குடியிருப்புக்குப் போய் வீடு வீடாகக் கூப்பிட்டிருக்கிறார். உத்தரவு எங்கே என்று கேட்டவர்களுக்குக் காட்ட அவரிடம் காகிதம் இல்லை. பாதிப் பேர் வந்தார்கள், பாதிப் பேர் வரவில்லை. பதினேழு பேர் இறந்தார்கள். அதில் ஏழு பேர் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்.

மறுநாள் மாலைச் செய்தியில் என் குறிப்பை வாசித்தார்கள். பொறியாளரின் உறுதிமொழியை நம்பி ஜனாதிபதி ஏமாற்றப்பட்டார் என்றார்கள். அதற்கடுத்த நாள் பொறியாளரைக் கைது செய்தார்கள். குறிப்பில் பிழை இருந்தால் மூன்று நாளுக்குள் திருத்தக் குறிப்பு போடலாம் என்று விதி இருக்கிறது. நான் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று நாளும் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் மச்சான் சார் வாசலில் நின்று, "குறிப்பு ரொம்ப உதவியா இருந்துச்சுக்கா" என்றார். நான் கோப்பை மூடினேன். என்ன சொன்னேன் என்று அலுவலர் கேட்டார். "பரவாயில்ல சார்" என்றேன்.

இனி நோட்டுகளைப் பற்றி. கையெழுத்தான ஏழு நாளில் சுருக்கெழுத்து நோட்டைக் காகிதம் நறுக்கும் இயந்திரத்தில் போட்டுவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இயந்திரம் மாதத்தில் பாதி நாள் மென்ற காகிதத்தைத் துப்பாமல் மாட்டிக்கொண்டு நிற்கும். அதனால் எல்லோரும் கையெழுத்தை மட்டும் போட்டுவிட்டு நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவோம். நல்ல கெட்டிக் காகிதம். சமையலறை அலமாரித் தட்டில் விரிக்கத் தோதானது. என் வீட்டில் பருப்பு டப்பாவுக்கும் உப்பு ஜாடிக்கும் கீழே நான்கு ஜனாதிபதிகளின் பேச்சு இருந்தது.

முதல் வாக்குமூலத்தில், புதன்கிழமைக் கூட்டத்தின் பக்கங்களை எது என்று பாராமல் விரித்துவிட்டதாகச் சொன்னேன். அது சரியல்ல. பார்த்தேன். அந்தப் பக்கங்கள் என் பையிலேயே கிடந்து உறுத்திக்கொண்டிருந்தன, கிழித்துப் போடவும் கை வரவில்லை. எழுத்துப் பக்கம் கீழே போகும்படி திருப்பி விரித்து, அதன் மேல் டீத்தூள் டப்பாவை வைத்தேன்.

பொறியாளர் சிறைக்குப் போய் ஐந்தாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு, அவருடைய மனைவி என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பே ஐயாவைப் பதவி நீக்கத் தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு நினைவு தப்பிவிட்டது, அவர் பெயரில் வேறொருவர் ஆள்கிறார், ஆகவே அவர் பதவிக்குத் தகுதியற்றவர் என்பது தீர்மானம். ஐயா தரப்பில் அதற்கு மறுப்பாக என்னுடைய குறிப்புகளைத்தான் தாக்கல் செய்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. அவர்களுடைய வழக்கறிஞர் தொலைக்காட்சியில் ஒரு குறிப்பைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு தெளிவாப் பேசுற மனுஷனுக்கா மூளை கலங்கிடுச்சு?" என்று கேட்டார். அதைக் கேட்டபோது எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அரை நிமிடம் இருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

பொறியாளரின் மனைவி கையில் ஒரு துணிப்பை வைத்திருந்தார். அதிலிருந்து குறிப்பின் நகலை எடுத்து, கீழே என் சுருக்கொப்பத்தைக் காட்டி, இது நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும்க்கா. இவர் இப்படிச் சொன்னாரா? சொல்லியிருந்தா, செஞ்சதுக்கு அனுபவிக்கட்டும்னு விட்டுடறேன். அன்னிக்கு வந்து ஈரச் சட்டையக் கூடக் கழட்டாம உக்காந்து, மூணு தடவ சொன்னேன், மூணு தடவ சொன்னேன்னு அதையே சொல்லிக்கிட்டிருந்தார். பொய் சொல்றாரான்னு எனக்கே இப்ப சந்தேகம் வந்துடுச்சு. கட்டினவளுக்கே சந்தேகம் வந்தா மத்தவங்கள என்ன சொல்றது?" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு அந்தப் பார்வையிலிருந்து தப்பினால் போதும் என்று இருந்தது. "இருங்க, டீ போடுறேன்" என்று எழுந்து சமையலறைக்குப் போனேன்.

டீத்தூள் டப்பாவைத் தூக்கினேன். அடியில் ஈரம் பட்டுத் தாள் டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கீழே திருப்பி வைத்த எழுத்துப் பக்கம் என் கண்ணுக்கு நேராக வந்தது. என் கோடுகளை நான் படிக்காமல் இருக்க முடியாது. சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும். அடுத்த வரியில் மறுபடியும் அதே. அதற்கு இரண்டு வரி தள்ளி மறுபடியும். அடுப்பைப் பற்றவைக்காமலேயே வெளியே வந்தேன்.

"அவர் அப்படிச் சொல்லலம்மா" என்றேன். "அப்ப யார் சொன்னது?" என்று கேட்டார். "யாரும் சொல்லல. நானா எழுதினேன்." அவர் நகலை மடித்துப் பையில் வைத்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. "எதுக்குக்கா?" என்று மட்டும் கேட்டார். கட்டம் காலியாக இருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது. பதில் சொல்லாமல் நின்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

என் கணவர் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே வந்து, "முப்பது வருஷம் பஸ் ஓட்டியிருக்கேன். ஒரு கோழியக் கூட அடிச்சதில்லடி. நீ உக்காந்த எடத்துல இருந்தே பதினேழு பேர" என்று தொடங்கி நிறுத்திவிட்டார். அதன் பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, அலமாரியின் மேல்தட்டிலிருந்து டப்பாக்களை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். நான் கீழே நின்று வாங்கி வைத்தேன். தாள்களை ஈரம் துடைத்து, தேதி பார்த்து அடுக்கினோம். அவர் ஒரு தாளை எடுத்துப் பார்த்து, "இந்தக் கோழிக்கிறுக்கலுக்கா உனக்கு இவ்வளவு மரியாத?" என்றார். முழு நோட்டாக நாற்பத்தொன்று, தனித்தாளாக அறுபத்து மூன்று கிடைத்தன. மறுநாள் காலை இருவரும் பேருந்தில் போய் இந்தக் குழுவின் அலுவலகத்தில் ஒப்படைத்தோம். என் முதல் வாக்குமூலம் அன்று பதிவானது.

ஒப்படைத்த பிறகு ஒரு சிக்கல் வந்தது. இத்தனை வருடத்தில் என் சுருக்கெழுத்து என்னுடையதாகவே ஆகிவிட்டது. வேகத்துக்காக நானே உண்டாக்கிய குறிகள் பாதிக்கு மேல். குழு வைத்த இரண்டு வல்லுநர்களும் பத்து வரியில் நாலு வரிக்குக் கைவிரித்தார்கள். மீதியில் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கத் தெரிந்த ஒரே ஆள், பொய் எழுதினேன் என்று தானே ஒப்புக்கொண்ட நான்.

நேற்று முன்தினம் காலை பத்து மணிக்குக் குழுவின் கூடத்தில் என்னைச் சாட்சிக் கூண்டில் நிறுத்தினார்கள். ஐயாவையும் அழைத்து வந்திருந்தார்கள். பேச வேண்டாம், சும்மா உட்கார்ந்தால் போதும் என்று சொல்லி மச்சான் சார்தான் கூட்டி வந்திருக்க வேண்டும், ஏனென்றால் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் தெரியாதபடி உட்கார வைத்திருந்தார்கள். ஐயாவின் மனைவி பக்கத்தில் இருந்து அவருடைய கையை மேசைக்கு அடியில் பிடித்துக்கொண்டிருந்தார். பொறியாளரைக் காவலர்கள் பின் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவர் மனைவி அதற்கு முந்தின வரிசையில் இருந்தார்.

ஐயாவின் வழக்கறிஞர் எழுந்து, "முப்பது வருஷமாப் பொய்யா எழுதினேன்னு நீங்களே சொல்றீங்க. இப்பப் படிக்கப் போறது மட்டும் நிஜம்னு நாங்க எத வச்சு நம்புறது?" என்று கேட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படியான கேள்வி. அதற்குப் பதில் இல்லை என்றே சொன்னேன். கூடத்தில் சிலர் சிரித்தார்கள். குழுவின் தலைவியான அம்மையார், "இருக்கட்டும், படிங்க. கேட்டுட்டு முடிவு பண்ணிக்கறோம்" என்றார்.

டீத்தூள் டப்பாவின் வட்டக் கறை பட்ட தாளை என் கையில் கொடுத்தார்கள். இஸ்திரி போடாமல் படித்தேன். இருமலைக்கூட விடவில்லை. பொறியாளர் சொன்ன மூன்று வாக்கியத்தையும் படித்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதன் பிறகு ஐயா சொன்னதைப் படித்தேன். "எந்தம்பி இருக்கானே, அவனுக்கு நாந்தான் சைக்கிள் பழகிக் கொடுத்தேன். பெல் இருக்கும், பிரேக் இருக்காது. நான் பின்னாடி கேரியரப் பிடிச்சுக்கிட்டே ஓடுவேன். அண்ணே விட்டுடாத, அண்ணே விட்டுடாதன்னு கத்துவான். வெளியே மழையா? ஆங், செருப்பு அறுந்துடுச்சு. நான் விட்டுட்டேன். விட்டது தெரியாம பெல்ல அடிச்சுக்கிட்டே போறான். கீழ பார்த்தா ஆறு." அந்த இடத்தில்தான் மச்சான் சார் எழுந்தது. நோட்டில் அதோடு முடிகிறது. நான் நிறுத்தினேன்.

ஐயா, "நிறுத்தாதம்மா" என்றார்.

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மச்சான் சார் அவர் தோளில் கை வைத்தார். ஐயா அந்தக் கையை எடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், நான் விட்ட இடத்திலிருந்து, நடுவில் ஒரு நாளும் போகாதது போல, மேலே சொல்லிக்கொண்டு போனார். நான் பழக்க தோஷத்தில் கையிலிருந்த தாளின் பின்புறத்திலேயே குறித்துக்கொண்டேன். அந்தத் தாளும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. அவர் சொன்னது: "சைக்கிளோட ஆத்துல போய் விழுந்துட்டான். எனக்கு நீச்சல் தெரியாது. கரையில நின்னு கத்துறேன். அந்த ஆத்தோரத்து ஜனங்கதான் ஓடி வந்து குதிச்சு, முடியப் பிடிச்சு இழுத்துப் போட்டாங்க. இன்னிக்கு அவன் உசுரோட இருக்கான்னா அவங்களாலதான். அவங்க வீட்டுக்கா தண்ணி வருது? அப்ப மொதல்ல அவங்களக் கூட்டிக்கிட்டு வந்துடுங்க. வண்டி அனுப்புங்க. வேற என்ன வேல?"

சொல்லிவிட்டு, உத்தரவு கொடுத்துவிட்டவரைப் போல நாற்காலியில் சாய்ந்தார். அதன் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்து, "எல்லாத்தையும் எழுதி வச்சிருக்கியேம்மா. கை வலிக்குதா?" என்று கேட்டார்.

அன்றைக்கே அவர் இதைத்தான் சொல்ல வந்தாரா, அல்லது நேற்று முன்தினம் கேட்டதும் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. மருத்துவர்களுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் சொன்னதை எழுதாதே, சொல்ல வந்ததை எழுது என்று சொல்லிக்கொண்டு மூன்று வருடம் எழுதியவள் நான். அவர் சொல்ல வந்தது வண்டி அனுப்புங்கள் என்பது. நான் எழுதியது காத்திருக்கலாம் என்பது.

வழக்கறிஞர் என் சாட்சியத்தின் மீது மேலும் கேள்வி கேட்கவில்லை. நான் படித்தது நிஜமா என்று யாரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. வெளியே வரும்போது தாழ்வாரத்தில் பொறியாளரின் மனைவி எதிரே வந்தார். கும்பிட்டேன். அவர் பார்த்தார், கும்பிடவில்லை. அது நியாயம். பொறியாளர் மீதான வழக்கில் இந்த வாக்குமூலத்தையும் நோட்டுகளையும் நீதிமன்றத்துக்கு அனுப்பி, அவரை விடுவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பொய் ஆவணம் தயாரித்ததற்காக என் மீது வழக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

பதவி நீக்கம் பற்றி என் கருத்து என்ன என்று அலுவலர் கேட்டார். கருத்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்டதால் சொல்கிறேன். ஐயா கெட்டவர் இல்லை. அந்த உத்தரவைச் சொல்லி முடிக்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று, சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டிய உத்தரவு அது. அப்படிப்பட்டவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பது அவருக்கும் அநியாயம், ஆற்றோரத்தில் இருக்கிறவர்களுக்கும் அநியாயம். அவரை இறக்கி வீட்டுக்கு அனுப்புங்கள். அவர் நன்றாக இருக்கிறார் என்று நாட்டை நம்ப வைத்தது மச்சான் சார் மட்டும் இல்லை. அவர் முடிவை மட்டும்தான் சொன்னார், மீதி எல்லாம் என் கை வேலை. நான் முதல் நாளே மூன்று "வெளியே மழையா"வையும் அப்படியே எழுதியிருந்தால், இந்த விசாரணை இரண்டு வருடத்துக்கு முன்பே நடந்திருக்கும்.

இந்த வாக்குமூலத்தை எழுதிய எழுத்தர் எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார். மூன்று இடங்களில் நான் சொன்னதை அவர் சீராக்கியிருந்தார். "கவனக்குறைவால் தவறான பதிவு ஏற்பட்டது" என்று இருந்ததை அடித்துவிட்டு, நானாக எழுதினேன் என்று மாற்றச் சொன்னேன். "மிகுந்த மன உளைச்சலுக்கு ஆளானேன்" என்று இருந்ததை அடித்துவிட்டு, சாப்பிடப் போனேன் என்று மாற்றச் சொன்னேன். மூன்றாவதாக, பொறியாளரின் மனைவி எதற்கு என்று கேட்ட இடத்தில், "வருத்தம் தெரிவித்தேன்" என்று இருந்தது. நான் தெரிவிக்கவில்லை. அதையும் அடித்து, பதில் சொல்லாமல் நின்றேன் என்று எழுதச் சொன்னேன். நல்ல மனிதர், எனக்காகத்தான் செய்திருக்கிறார். அடித்தல் மூன்றுக்கும் பக்கத்தில் என் சுருக்கொப்பம் இருக்கிறது.

மற்றபடி மேலே உள்ள யாவும் யார் தூண்டுதலும் இன்றி நான் சொன்னவை, சொன்னபடியே எழுதப்பட்டவை, என் அறிவுக்கு எட்டிய வரை உண்மை என்று உறுதி கூறிக் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
சாட்சி எண் பதினான்கு

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது
(ஒப்பம்)
பதிவு அலுவலர்